செவ்வந்திக்கல் வாங்குவோருக்கு: ஊதா எங்கிருந்து வருகிறது, எப்படிப் போகிறது

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் சித்தி ஒருநாள் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே கையை நீட்டினார். "இதப் பாருடா, கல்ல மாத்திட்டாங்க." அவர் விரலில் இருந்த வெள்ளி மோதிரத்தில் போன வாரம்வரை நல்ல நாவல்பழ நிறத்தில் ஒரு செவ்வந்திக்கல், அதாவது அமெதிஸ்ட், இருந்தது. வாங்கிக் கொடுத்தது நான்தான். இப்போது அந்த இடத்தில், தண்ணீர் அதிகம் ஊற்றிய மாம்பழச் சாறு மாதிரி மங்கலான மஞ்சளில் ஒரு கல். மோதிரம் இறுக்குகிறது என்று அளவைப் பெரிதாக்க ஒரு பட்டறையில் கொடுத்திருக்கிறார். இப்படித் திரும்பி வந்திருக்கிறது.

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். வாங்கும்போதே கல்லின் ஓரத்தில் கோழி இறகின் நுனி போல ஒரு சின்னக் கீற்று இருந்ததைப் பார்த்து வைத்திருந்தேன். அது அங்கேயே இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக இரண்டு விரிசல். ஆக, கல்லை யாரும் மாற்றவில்லை. கல்லின் நிறம்தான் மாறிவிட்டது. கல்லைக் கழற்றாமலே நெருப்பு காட்டி வளையத்தைப் பற்றவைத்திருக்கிறார்கள். சித்தியை நம்பவைக்க அரை மணி நேரம் ஆனது.

அதற்கப்புறம் செவ்வந்திக்கல் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், விலையைப் பேசுவதற்கு முன்னால் நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். இந்தக் கல்லின் மதிப்பு முழுக்க அதன் ஊதாவில் இருக்கிறது. அந்த ஊதா மேலே பூசிய சாயம் இல்லை என்றாலும் நிரந்தரமும் இல்லை.

முதலில், இது என்ன கல்

நம் பக்கத்தில் ராயக்கோட்டையோ பாலக்கோடோ, எந்த மானாவாரிக் காட்டில் நடந்தாலும் வெங்கச்சங்கல் காலில் இடறும். சின்ன வயதில் இரண்டு கல்லை எடுத்து இருட்டில் உரசி, உள்ளே மினுக் மினுக்கென்று வெளிச்சம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைக் கல்லும் செவ்வந்திக்கல்லும் ஒரே பொருள்தான். இரண்டும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். தென்பெண்ணை மணலிலும் நிறைய இருப்பது இதுதான்.

வித்தியாசம் இரும்பில் இருக்கிறது. நம் மண்ணைச் செம்மண்ணாக்குவது இரும்புதான். பாறை இடுக்கில் குவார்ட்ஸ் படிகம் மெதுவாக வளரும்போது, சிலிக்கான் உட்கார வேண்டிய இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இரும்பு அணு உட்கார்ந்துவிடும். மிகமிகச் சிறிய அளவுதான். அது மட்டும் போதாது. சுற்றியுள்ள பாறையில் இருக்கும் பொட்டாசியம், யுரேனியம், தோரியம் ஆகியவற்றிலிருந்து இயற்கையாக வரும் காமா கதிர், பல லட்சம் ஆண்டுகள் அந்தப் படிகத்தின் மேல் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கதிர் படும்போது இரும்பிடமிருந்து ஒரு எலக்ட்ரான் இடம்பெயர்கிறது. அந்த நிலையில் இருக்கும் இரும்பு, வெளிச்சத்தில் உள்ள பச்சை, மஞ்சள் பகுதியை விழுங்கிவிடும். மிச்சமாக வெளியே வருவதுதான் நாம் பார்க்கும் ஊதா. கதிர் பட்ட கல்லாயிற்றே, விரலில் போடலாமா என்று பயப்பட வேண்டாம். காமா கதிர் பட்டதால் ஒரு கல் கதிர்வீசும் கல்லாகிவிடாது.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இடம்பெயர்ந்த எலக்ட்ரான் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகவும் முடியும். சூடு பட்டால் சட்டென்று போகும். கடும் வெயில் தொடர்ந்து பட்டால் மெதுவாகப் போகும். போனால் ஊதாவும் போய்விடும். கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

நம் காட்டுக் கல்லில் பழுப்பாகக் கறை பிடித்திருப்பதைக் காட்டி, "இதிலும் இரும்பு இருக்கே?" என்று சிலர் கேட்பார்கள். அது மேலே ஒட்டிய துரு, படிகத்துக்குள் புகுந்த இரும்பு இல்லை. இன்று கடைக்கு வரும் செவ்வந்தியில் பெரும்பாலானது பிரேசில், உருகுவே, சாம்பியா நாடுகளிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் மாணிக்கம், மரகதத்துக்குச் சமமாக வைத்திருந்த கல் இது. 19ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவிலிருந்து கொட்டிக் குவிய ஆரம்பித்த பிறகுதான் விலை இறங்கி நம் கைக்கு எட்டியது. தமிழருக்குப் புதுக் கல்லும் இல்லை. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த கல்மணிகளில் செவ்வந்தியும் உண்டு.

கடையில் என்ன பெயரில் கேட்பது

செவ்வந்தி என்றதும் நம் ஊரில் மஞ்சள் சாமந்திதான் நினைவுக்கு வரும். ராயக்கோட்டைப் பக்கம் வயலெல்லாம் அதுதானே. அதனால் மஞ்சள் கல்லை எதிர்பார்த்துக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. கல் ஊதா. தர்மபுரி, கிருஷ்ணகிரி கடைகளில் 'அமெதிஸ்ட்' என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். சனிக்கு நீலம் வாங்க முடியாதவர்கள் இதை உபரத்தினமாகப் போடுவதால், ராசிக்கல் விற்கிற இடங்களிலும் கிடைக்கும். அங்கே எடையை ரத்தி என்ற பழைய அளவில் சொல்லக்கூடும். கேரட்டில் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 1 கேரட் 0.2 கிராம், 5 கேரட் 1 கிராம். கணக்கு சுலபம்.

நிறத்தைப் பார்ப்பது

கடை விளக்குக்கு அடியில் நிறத்தை முடிவு செய்யாதீர்கள். செவ்வந்தி வெளிச்சத்துக்கு வெளிச்சம் கொஞ்சம் மாறித் தெரியும். மஞ்சள் பல்பில் சிவப்பு கலந்த ஊதாவாகவும், பகல் வெளிச்சத்தில் நீலம் கலந்த ஊதாவாகவும் காட்டும். சில கல்லில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். இது குறையே இல்லை, கல்லின் இயல்பு. ஆனால் நகைக்கடையின் மஞ்சள் ஸ்பாட் லைட்டில் மயங்கி வாங்கிவிட்டு, வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தால் வேறு கல் மாதிரி இருக்கும்.

காலை 10 மணிவாக்கில் போங்கள். கல்லை ஒரு வெள்ளைத் தாளில் வைத்துக் கடை வாசலுக்கு, நிழலான இடத்துக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். நேர் வெயில் வேண்டாம், வெயிலில் எல்லாக் கல்லும் பளபளக்கும். நல்ல கடைக்காரர் இதற்கு மறுப்பு சொல்ல மாட்டார்.

எவ்வளவு அடர்த்தி வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்த பூவையும் பழத்தையும் வைத்துத்தான் சொல்வேன். கத்தரிப்பூ நிறம் என்றால் வெளிர். விலை குறைவு, பார்க்க அழகு, தினமும் போட ஏற்றது. அடுத்தது டிசம்பர் பூ நிறம். தலையில் வைக்கிறோமே, அந்தத் தெளிவான ஊதா. மூன்றாவது நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். ஆழமாக இருக்கும், ஆனாலும் உள்ளே வெளிச்சம் ஓடும். என் கண்ணுக்கு இதுதான் உச்சம். அதற்கும் மேலே போனால் கத்தரிக்காய்த் தோல். தாளில் வைத்தால் கறுப்பாகத் தெரியும், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினால் மட்டும் ஊதா தெரியும். அடர்த்தி கூடினால் விலையும் கூடும் என்று நினைத்து இந்தக் கறுத்த கல்லுக்குப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். விரலில் போட்டால் கறுப்புக் கண்ணாடி போலத்தான் இருக்கும்.

அப்புறம் கல்லைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் ஒரே ஊதாவாகத் தெரிகிற கல், பக்கவாட்டில் பார்த்தால் பட்டை பட்டையாக, ஒரு பக்கம் அடர்ந்தும் ஒரு பக்கம் வெளிறியும் இருக்கும். படிகம் வளரும்போது இரும்பு எல்லா முகத்திலும் ஒரே அளவில் சேர்வதில்லை. அதனால் நிறம் நேர்க்கோடுகளாக, கோணம் போட்டு நிற்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் கல்லைப் போட்டு மேலிருந்து பார்த்தால் இந்தக் கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரியும். நேர்க்கோட்டுப் பட்டை நல்ல அறிகுறி. நிறம் வளைந்து வளைந்து சுழித்து ஓடினால் கண்ணாடியோ என்று சந்தேகப்படுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

மோதிரத்தில் பதிக்காத தனிக் கல்லுக்கு மட்டும் இது பொருந்தும். 0.01 கிராம்வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் போதும்.

கல்லைக் காய்ந்த நிலையில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். தராசின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் டம்ளரில் பாதி தண்ணீர் வைத்து, எடையை சைபர் ஆக்குங்கள். மெல்லிய தையல் நூலில் கல்லைக் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ கல் முட்டக் கூடாது. கல்லில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி விடுங்கள். நூலைக் கையில் பிடித்தபடியே தராசு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அது கல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இந்த எடையால் வகுத்தால் கல்லின் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது, வந்துவிடும்.

குவார்ட்ஸுக்கு அந்த எண் 2.65. 5.30 கிராம் கல் என்றால் தண்ணீரில் 2.00 என்று காட்ட வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஒரு கிராமுக்குக் குறைந்த கல்லில் கணக்கு நம்பும்படி வராது, பெரிய கல்லில் செய்யுங்கள். 3.18க்குப் பக்கத்தில் வந்தால் அது ஊதா ஃப்ளோரைட். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மிருதுவான கல், மோதிரத்துக்குத் தாங்காது. 4ஐ ஒட்டி வந்தால் குருந்தம், அதாவது நீலமும் மாணிக்கமும் சேர்ந்த இனம். பகலில் சாம்பல் கலந்த நீலமாகவும் பல்ப் வெளிச்சத்தில் நல்ல ஊதாவாகவும் அடியோடு மாறுகிற கல்லை 'நிறம் மாறும் அமெதிஸ்ட்' என்றோ 'அலெக்சாண்ட்ரைட்' என்றோ விற்பார்கள். அது பெரும்பாலும் வனேடியம் என்ற உலோகம் சேர்த்துத் தொழிற்சாலையில் வளர்த்த குருந்தம். இந்தத் தராசு அதைக் காட்டிக் கொடுத்துவிடும். கண்ணாடியின் எண் பலவிதமாக வரும். அதற்கு லென்ஸ்தான் சரி. உள்ளே உருண்டையான குமிழி தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. ஆய்வகத்தில் வளர்த்த செவ்வந்தியும் குவார்ட்ஸ்தான், அதுவும் 2.65 என்றே காட்டும். 1970களிலிருந்து அது சந்தையில் இருக்கிறது, கண்ணால் பிரிக்க முடியாது. நுண்ணோக்கியும் அகச்சிவப்புக் கதிர்ச் சோதனையும் தேவை. சின்னக் கல்லுக்கு அந்தச் செலவு கட்டாது. ஒரு கீறலும் கீற்றும் இல்லாமல், அடர்ந்த நிறத்தில், பெரிய கல்லாக, அதிக விலைக்குத் தருகிறார்கள் என்றால் ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள்.

மஞ்சளும் பச்சையும்

சித்தியின் கல்லுக்கு நடந்ததை வேண்டுமென்றே, நிதானமாகச் செய்கிற தொழிலும் இருக்கிறது. செவ்வந்தியைச் சூளையில் 300 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் ஊதா வெளுக்க ஆரம்பிக்கும். 450, 500 டிகிரிக்குப் போனால் பல கற்கள் மஞ்சளாகவோ ஆரஞ்சுப் பழுப்பாகவோ ஆகிவிடும். அதாவது இரும்பு தன் துரு நிறத்துக்கு வந்துவிடுகிறது. இப்படி வந்த கல்லின் பெயர் சிட்ரின். சந்தையில் உள்ள சிட்ரினில் பெரும்பகுதி இப்படிச் சுட்ட செவ்வந்திதான். கனக புஷ்பராகத்துக்குப் பதிலாகச் சிலர் போடுகிற கல்லும் இதுவே.

சுட்டது என்பதற்காக அது போலியாகிவிடாது. ஆனால் சுட்டது என்று சொல்லி விற்க வேண்டும். படிகக் கொத்தாக வாங்கினால் கண்டுபிடிப்பது எளிது. நுனியில் தீய்ந்த ஆரஞ்சும் அடியில் சுண்ணாம்பு வெள்ளையுமாக இருந்தால் சுட்ட கல். இயற்கை சிட்ரின் பெரும்பாலும் வெளிர் மஞ்சள்.

பிரேசிலின் மோன்டெசூமா என்ற இடத்துச் செவ்வந்தி சூட்டில் பச்சையாகும். 'பச்சை அமெதிஸ்ட்' என்று விற்பார்கள், சரியான பெயர் பிரசியோலைட். பொலிவியாவின் அனாஹி சுரங்கத்தில் ஊதாவும் மஞ்சளும் ஒரே படிகத்தில் இயற்கையாகவே சேர்ந்து வருகிறது. அதற்கு அமெட்ரின் என்று பெயர்.

போன ஊதா திரும்புமா? அளவாகச் சூடு பட்ட கல்லில் மறுபடி காமா கதிர் பாய்ச்சினால் திரும்பும். அளவு மீறிச் சூடேறிய கல்லில் திரும்பாது. வீட்டில் செய்யக்கூடிய வேலையும் இல்லை.

ஆசாரியிடம் கொடுக்கும்போது

அளவு மாற்றுவது, வளையம் பற்றவைப்பது, உடைந்த கம்பியை ஒட்டுவது, எதுவானாலும் கொடுக்கும்போதே "இது அமெதிஸ்ட், கல்லைக் கழற்றிவிட்டு நெருப்பு காட்டுங்க" என்று வாயால் சொல்லுங்கள். சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். வெள்ளிப் பற்று உருகவே பொதுவாக 600 டிகிரிக்கு மேல் வேண்டும். ஊதா வெளுக்க அதில் பாதிச் சூடு போதும். 573 டிகிரியில் குவார்ட்ஸின் உள்ளமைப்பே மாறுவதால் விரிசலும் விழும். மாணிக்கத்தில் பழகிய கைக்கு இது தெரியாமல் போகலாம், ஏனென்றால் மாணிக்கம் அந்தச் சூட்டைத் தாங்கும். கொடுக்கும் முன் கல்லைப் பக்கத்தில் வைத்து போனில் ஒரு படம் எடுத்து, உள்ளே இருக்கும் கீற்றையும் கவனித்து வையுங்கள். சித்தி விஷயத்தில் அந்தக் கோழி இறகுக் கீற்று இல்லையென்றால், கல்லை மாற்றிவிட்டார்கள் என்று நானும்தான் நம்பியிருப்பேன்.

கல்லின் உண்மையைக் காட்டுகிறேன் என்று லைட்டரைப் பற்றவைக்கிறவரிடம் உங்கள் கல்லைக் கொடுக்காதீர்கள்.

வெயில்

சித்திரை வெயிலில் காருக்குள் வைத்த கல் சுட்டுப்போய் நிறம் மாறாது. காருக்குள் ஏறும் சூடு கல்லைச் சுட்டெடுக்கும் அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. நிறத்தைத் தின்பது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர். அதற்கும் நாள் ஆகும். எல்லாச் செவ்வந்தியும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. சிலது ஆண்டுக்கணக்கில் தாங்கும், சிலது சில மாதத்திலேயே சோர்ந்துவிடும். உங்களுடையது எந்த ரகம் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

மணிமாலை வாங்கினால் ஒரு சோதனை செய்யலாம். மாலையிலிருந்து ஒரே நிறத்தில் இரண்டு மணியை எடுங்கள். ஒன்றை அலுமினியத் தாளில் சுற்றி டப்பாவில் போடுங்கள். இன்னொன்றை மேற்குப் பார்த்த ஜன்னல் திண்டில், கண்ணாடிக்கு வெளியே வையுங்கள். இரண்டு மாதம் கழித்து இரண்டையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் வைத்த மணி டிசம்பர் பூவிலிருந்து கத்தரிப்பூவுக்கு இறங்கியிருந்தது. டப்பாவைத் திறந்து ஜோடி மணியைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெதுவாக நடக்கிற மாற்றம் தெரிவதில்லை. அந்த மாலையை இப்போது பீரோவுக்குள்தான் வைக்கிறேன், வீட்டில் இருப்பவர்கள் வெளியே போகும்போது மட்டும் எடுத்துப் போடுவார்கள்.

மணிகளில் சாயம் ஏற்றிய குவார்ட்ஸும் நிறைய வருகிறது. நகப்பாலிஷ் நீக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் துளைப் பக்கம் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் ஊதா ஒட்டினால் சாயம். விரிசல்களுக்குள் மட்டும் நிறம் தேங்கியிருந்தாலும் சாயம்தான்.

வரவேற்பறையில் வைக்கப் பெரிய படிகக் கொத்து வாங்குகிறவர்கள் அதை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். சுவர் ஓரமாக, வெயில் நேராக விழாத அலமாரியில் வையுங்கள். எல்.இ.டி. விளக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்.

துடைப்பது

கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவுகோலில் இது 7. கத்தியால் கீற முடியாது. ஆனால் நம் ஊர்க் காற்றில் பறக்கிற தூசியில், அதுவும் கிரானைட் குவாரிக்குப் பக்கத்தில் குடியிருந்தால், குவார்ட்ஸ் தூளே கலந்திருக்கும். அதுவும் அதே 7. புடவைத் தலைப்பால் காய்ந்தபடியே துடைத்துத் துடைத்து, பட்டை தீட்டிய முகங்களின் விளிம்பு தேய்ந்து மழுங்கிப்போன கல்லை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் தண்ணீரில் அலசுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெத்தென்ற குழந்தை பிரஷ், கல்லின் அடிப்பக்கமும் சேர்த்து. அதற்கப்புறம் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். நீராவி வைத்துச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கடையில் கொடுக்க வேண்டாம். நீலம், வைரம் இருக்கும் டப்பாவில் இதைச் சேர்த்துப் போடாதீர்கள், அவை இதைக் கீறிவிடும்.

சித்தி அந்த மஞ்சள் கல்லை மாற்ற ஒத்துக்கொள்ளவில்லை. விரிசல் பெரிதாகி ஒருநாள் விழுந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். "விழட்டும், அப்ப பாத்துக்கலாம்" என்று இன்னும் விரலில்தான் போட்டிருக்கிறார். பாத்திரம் கழுவும்போது மட்டும் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.